பெருங்கருவிகள் எவருக்குரியவை? உயிர்மருத்துவ ஆராய்ச்சியிற் பொதுப் பயன்பாடு குறித்து ஒரு விளக்கம்

தோற்றுவாய்

உற்பத்திச் சாதனங்கள் எவர் கையில் உள்ளன என்னும் வினா சமுதாயவியல் மாணவர்க்குப் பழக்கமான ஒன்று. நிலம், ஆலை, மூலதனம் ஆகியவை குறித்து இவ்வினா மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்டுள்ளது. ஆனால் அறிவை உற்பத்தி செய்யும் சாதனங்கள் குறித்து அது அத்துணை அழுத்தமாகக் கேட்கப்படுவதில்லை. விஞ்ஞானம் சிந்தனையின் விளைவு என்றும், சிந்தனை எல்லார்க்கும் பொதுவானது என்றும் நாம் கருதிப் பழகிவிட்டமை இதற்கு ஒரு காரணமாகலாம். இன்றைய உயிர்மருத்துவ ஆராய்ச்சியைச் சற்று நெருங்கி நோக்குவோர்க்கு இக்கருத்து முழு உண்மையன்று என்பது புலனாகும். ஒரு நோய்க்கிருமியின் புரதம் எவ்வடிவினது, ஒரு மருந்து அதன் எப்பகுதியிற் பொருந்துகின்றது என்பன போன்ற வினாக்களுக்கு விடை காண்பதற்கு, ஒரு பல்கலைக்கழகத் திணைக்களம் தன் சொந்த வருவாயில் வாங்க இயலாத பெருங்கருவிகள் தேவைப்படுகின்றன. அக்கருவிகளை அணுக முடியாதவர் வினாவை எழுப்பலாம். விடையைப் பிறர் கண்டு சொல்லும்வரை காத்திருக்க வேண்டியவராவர். பிறர் தமக்கு வேண்டிய விடைகளையே முதலில் தேடுவர் என்பதும் இயல்பு.

இந்நிலையை மாற்றும் நோக்குடன் கடந்த அரை நூற்றாண்டில் சில ஒழுங்குகள் உருவாகியுள்ளன. கருவிகளைப் பொதுச் செலவில் ஓரிடத்தில் நிறுவி, தகுதியுடைய ஆய்வாளர் எவரும் பயன்படுத்த இடமளிப்பது அவ்வொழுங்குகளின் அடிப்படையாகும். இவை எவ்வாறு தோன்றின, எவ்வாறு இயங்குகின்றன, எங்கே குறைவுபடுகின்றன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். உயிர்மருத்துவத் துறை பரந்ததாதலின், உயிர்மூலக்கூறுகளின் அமைப்பை ஆராயும் இரு கருவிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று சிங்குரோத்திரன் எனப்படும் ஆர்முடுக்கி. மற்றையது குளிர்நிலை இலத்திரன் நுணுக்குக்காட்டி. கருவி இருக்கும் கூடத்தின் கதவைத் திறந்துவிடுவதால் மட்டும் பகிர்வு நிறைவேறுவதில்லை என்பதும், நேரம், பயிற்சி, பெறுபேறு ஆகிய மூன்றும் சேர்ந்து பகிரப்படும்போதே அது மெய்யான பகிர்வாகின்றது என்பதும் எமது முடிபு. அதற்கான சான்றுகளை இனி நோக்குவோம்.

மூலக்கூற்றைக் காணல்

சாதாரண நுணுக்குக்காட்டி ஒளியைக் கொண்டு பொருளைக் காட்டுகின்றது. கட்புலனாகும் ஒளியின் அலைநீளம் அணுக்களுக்கிடையேயுள்ள தூரத்தைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது. ஆதலால் எத்துணைச் சிறந்த வில்லைகளைப் பயன்படுத்தினும் சாதாரண ஒளியால் ஒரு புரதத்தின் அணுக்களைப் பிரித்துக் காட்ட இயலாது. எக்ஸ் கதிரின் அலைநீளம் அணுவளவினது. புரதத்தைப் பளிங்காக்கி அதனூடே எக்ஸ் கதிரைச் செலுத்தினால், கதிர் பல திசைகளிற் சிதறிப் புள்ளிகளாலான ஓர் ஒழுங்கைத் தோற்றுவிக்கும். அப்புள்ளிகளின் நிலையையும் செறிவையும் அளந்து, கணிப்பின் மூலம் மூலக்கூற்றின் வடிவத்தை மீளக் கட்டியெழுப்பலாம்.

சொல்லுதற்கு எளிதாயினும் செயலில் இது நெடும்பணியாக இருந்தது. மக்ஸ் பெரூட்ஸ் 1937 இற் கேம்பிரிட்ஜில் ஈமோகுளோபின் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதன் அமைப்பு 1960 இலேயே வெளியாயிற்று. அவருடன் பணியாற்றிய ஜோன் கென்றூ 1958 இல் மயோகுளோபினின் முதல் உருவத்தை வெளியிட்டார். இருவரும் 1962 இல் இரசாயனத்திற்கான நோபல் பரிசைப் பெற்றனர். இக்காலத்தில் எக்ஸ் கதிர்க் குழாய் ஆய்வுகூடத்தின் ஒரு மூலையில் வைக்கத்தக்க கருவியாகவே இருந்தது. அக்கருவியின் கதிர் வலுக்குறைந்தது. சிறிய பளிங்குகளும் பெரிய மூலக்கூறுகளும் அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவையாயின.

கழிவாகக் கருதப்பட்ட கதிர்

வலுமிக்க எக்ஸ் கதிர் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. இலத்திரன்களை ஒளியின் வேகத்திற்கு அண்மையான வேகத்தில் வட்டப்பாதையிற் செலுத்தும்போது, காந்தங்கள் அவற்றின் பாதையை வளைக்கும் இடங்களிலெல்லாம் அவை கதிரை வெளிவிடுகின்றன. இக்கதிர் ஒரு சிங்குரோத்திரனில் முதன்முதலாகக் கண்ணாற் காணப்பட்டது 1947 இல், ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவன ஆய்வுகூடத்தில் ஆகும். அணுத்துணிக்கைகளை ஆராய்ந்த பௌதிகவியலாளர்க்கு இது ஒரு தொல்லை. தாம் இலத்திரனுக்கு அளித்த சக்தியை வீணாக்கும் இழப்பு என்றே அவர்கள் அதனைக் கருதினர்.

அந்த இழப்பை உயிரியலாளர் தமக்குப் பயனாக்கிக்கொண்டனர். ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலுள்ள டெசி ஆர்முடுக்கியிலிருந்து வெளிப்பட்ட கதிரைக் கொண்டு றோசன்பௌம், ஹோம்ஸ், விட்ஸ் ஆகிய மூவர் பூச்சியின் பறத்தற்றசையை ஆராய்ந்து 1971 இல் முடிவை வெளியிட்டனர். ஆய்வுகூடக் குழாயிற் கிடைப்பதைவிட வலுமிக்க கதிர் அங்குக் கிடைக்கின்றது என்பது இதனால் நிறுவப்பட்டது. 1974 இல் ஐரோப்பிய நாடுகள் பல ஒன்றுகூடி ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தை நிறுவின. ஹைடில்பேர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அவ்வாய்வுகூடம் ஹம்பேர்க்கிலும் ஒரு கிளையை அமைத்து, பிற நாட்டு ஆய்வாளரும் வந்து கதிரைப் பயன்படுத்த வழிசெய்தது. ஆயினும் அக்காலத்தில் உயிரியலாளர் விருந்தாளிகளாகவே இருந்தனர். துணிக்கைப் பௌதிகத்தின் தேவைக்கேற்ப ஆர்முடுக்கி இயங்கியபோது எஞ்சிய கதிரே அவர்களுக்குக் கிடைத்தது.

1980 களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் டாரெஸ்பெரியில், கதிரை வழங்குவதையே தன் நோக்கமாகக் கொண்ட எக்ஸ் கதிர்ச் சிங்குரோத்திரன் இயங்கத் தொடங்கியது. 2008 இல் மூடப்படும் வரை அது பல பல்கலைக்கழகத்தாருக்குப் பயன்பட்டது. கால்நடைகளைத் தாக்கும் கால்வாய் நோய் வைரசின் அமைப்பு அங்குப் பெறப்பட்ட தரவுகளைக் கொண்டு 1989 இல் வெளியிடப்பட்டது. கலங்களிற் சக்தி உருவாகும் முறையை விளக்கும் நொதியமொன்றின் அமைப்பை ஜோன் வோக்கரும் துணைவரும் அங்கு பெற்ற தரவுகளிலிருந்தே 1994 இற் கண்டறிந்தனர். வோக்கர் 1997 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கலங்களிற் புரதத்தை ஆக்கும் பெருந்தொகுதியாகிய றைபோசோமின் வரலாறு இதனை இன்னும் தெளிவாக்கும். பல நுண்ணுயிரெதிரி மருந்துகள் பற்றீரியாவின் றைபோசோமையே தாக்குகின்றன. ஆகவே அதன் அமைப்பை அறிவது மருத்துவத்திற்கு இன்றியமையாதது. இஸ்ரேலைச் சேர்ந்த ஆடா யோனத் 1980 அளவிற் றைபோசோமைப் பளிங்காக்கும் முயற்சியில் முதல் வெற்றி கண்டார். பின்னர் 1986 முதல் 2004 வரை ஹம்பேர்க்கின் சிங்குரோத்திரனை அண்டி இயங்கிய ஆய்வுப் பிரிவொன்றையும் அவர் நடத்தினார். சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 1983 முதல் அமெரிக்காவின் புறூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்திற் பணிபுரிந்து, பின்னர் கேம்பிரிட்ஜில் றைபோசோமின் சிறிய பகுதியின் அமைப்பை 2000 இல் வெளியிட்டார். யோனத், இராமகிருஷ்ணன், தோமஸ் ஸ்ரைற்ஸ் ஆகியோர் 2009 இல் நோபல் பரிசு பெற்றனர். இம்மூவரில் எவரும் தமக்கென ஒரு சிங்குரோத்திரனை வைத்திருக்கவில்லை. வெவ்வேறு நாடுகள் பொதுப் பணத்தில் அமைத்த வளையங்களிற் கிடைத்த நேரமே அவர்களது ஆராய்ச்சிக்கு ஆதாரமாயிற்று.

நேரத்தைப் பங்கிடும் முறை

இத்தகைய நிலையத்தில் உண்மையிற் பங்கிடப்படுவது நேரமாகும். இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்டுக்கு அண்மையிலுள்ள டயமண்ட் ஒளிமூலத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2007 இல் ஆய்வாளரை வரவேற்கத் தொடங்கிய இந்நிலையத்தின் வளையம் ஏறத்தாழ 562 மீற்றர் சுற்றளவுடையது. பிரித்தானிய அரசு 86 சதவீதத்தையும், வெல்கம் அறநிதியம் 14 சதவீதத்தையும் ஏற்றுள்ளன. வளையத்திலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட கற்றைவழிகள் பிரிந்து செல்கின்றன. ஒவ்வொரு கற்றைவழியின் முடிவிலும் ஓர் ஆய்வுகூடம் உள்ளது. புரதப் பளிங்கை ஆராய்வோர், மின்கலப் பொருளை ஆராய்வோர், பழைய ஓவியத்தின் நிறப்பொருளை ஆராய்வோர் எனப் பலரும் ஒரே வேளையிற் பணியாற்றலாம்.

நேரம் வேண்டுவோர் தம் வினாவையும் முறையையும் விளக்கி விண்ணப்பிப்பர். துறை வல்லுநர் குழுவொன்று அவ்விண்ணப்பங்களை மதிப்பிட்டு வரிசைப்படுத்தும். தெரிவானவர் முடிவுகளை வெளியிடுவதாக ஏற்றுக்கொண்டால் கட்டணமில்லை. முடிவைத் தமக்கே வைத்துக்கொள்ள விரும்பும் மருந்துக் கம்பனி போன்றோர் கட்டணம் செலுத்த வேண்டும். இவ்வேறுபாடு கவனிக்கத்தக்கது. பொதுப் பணத்தில் அமைந்த கருவி பொதுஅறிவுக்கு இலவசமாகவும், தனியுடைமைக்கு விலைக்கும் பயன்படுகின்றது. அத்தோடு, ஒவ்வொரு கற்றைவழிக்கும் நிலையான விஞ்ஞானிகளும் தொழினுட்பவியலாளரும் உள்ளனர். வருபவர் எக்ஸ் கதிரியலில் வல்லுநராக இருத்தல் வேண்டியதில்லை. வைரசை நன்கறிந்தவர் கருவியை நன்கறிந்தவரின் துணையோடு பணியாற்றுவர். பளிங்குகளைத் திரவ நைதரசனின் குளிரில் உறையவைத்து அனுப்பிவிட்டு, தம் ஊரிலிருந்தவாறே கணினி மூலம் கருவியை இயக்கும் வழக்கமும் இன்று பரவியுள்ளது.

இம்முறையின் சிறப்பு யாதெனில், உடைமையின் இடத்தில் அது வினாவின் தகுதியை வைக்கின்றது. ஆயினும் தகுதியை எவ்வாறு அளப்பது என்னும் சிக்கல் எஞ்சுகின்றது. விண்ணப்பிப்பவர் தம் பளிங்கு தரமானது என்பதற்கு முன்னரே சான்று காட்ட வேண்டியுள்ளது. அச்சான்றைப் பெறுவதற்குப் புரதத்தைத் தூய்மையாக்கும் கருவி, குளிரூட்டி, பளிங்காக்கும் வசதி, பயிற்சி பெற்ற கைகள் என்பன சொந்த ஊரில் இருத்தல் வேண்டும். இவை இல்லாதவர்க்குப் பெருங்கருவியின் கதவு திறந்திருந்தும் பயனில்லை. கருவி பெரிதாகப் பெரிதாக, அதை நோக்கிச் செல்லும் பாதையின் முதற்படி எத்துணை உயரமானது என்பதை மறந்துவிடுவது எளிதாகின்றது.

விலைக்கு வாங்கக்கூடிய பெருங்கருவி

சிங்குரோத்திரனை எந்தப் பல்கலைக்கழகமும் தனித்து வாங்க எண்ணுவதில்லை. ஆகவே அங்குப் பகிர்வு தவிர்க்க முடியாத தேவையாயிற்று. குளிர்நிலை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் நிலை வேறு. பணம் படைத்த நிறுவனம் ஒன்று அதனைத் தனக்கென வாங்கிவிடலாம். இதனால் உடைமை பற்றிய வினா இங்கு இன்னும் கூர்மையடைகின்றது.

இக்கருவியில் எக்ஸ் கதிருக்குப் பதில் இலத்திரன் கற்றை பயன்படுகின்றது, பளிங்கு தேவையில்லை. நீரிலுள்ள புரதத்தை மிக விரைவாகக் குளிர்வித்தால் நீர் பனிக்கட்டிப் பளிங்காக மாறாமற் கண்ணாடி போல உறைகின்றது. மூலக்கூறுகள் தம் இயல்பான வடிவிற் சிறைப்படுகின்றன. பல்லாயிரக்கணக்கான மூலக்கூறுகளின் மங்கலான உருவங்களைப் படமெடுத்துக் கணினியால் ஒன்றிணைத்தால் தெளிவான முப்பரிமாண வடிவம் கிடைக்கும். நீரை இவ்வாறு உறையவைக்கும் முறையை ஜாக் டுபொஷே 1980 களின் தொடக்கத்தில், மேலே குறிப்பிட்ட ஐரோப்பியப் பொது ஆய்வுகூடத்தின் ஹைடில்பேர்க் தலைமையிடத்திலே உருவாக்கினார். உருவங்களை ஒன்றிணைக்கும் கணிப்பு முறையை ஜோக்கிம் ஃபிராங்க் வகுத்தார். றிச்சர்ட் ஹென்டர்சன் 1990 இல் ஒரு சவ்வுப் புரதத்தின் அணுநிலை அமைப்பை வெளியிட்டார். தமது கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடத்துக் கருவியோடு நில்லாமல், பிற நாடுகளிலிருந்த சிறந்த நுணுக்குக்காட்டிகளையும் நாடிச் சென்றே அவர் அதனைச் சாதித்தார். இம்மூவரும் 2017 இல் நோபல் பரிசைப் பெற்றனர்.

2012, 2013 ஆம் ஆண்டுகளை அண்டி, இலத்திரனை நேரடியாக உணரும் புதிய பதிகருவிகள் பயன்பாட்டுக்கு வந்தமையால் இம்முறையின் பிரித்துக் காட்டும் ஆற்றல் பெரிதும் உயர்ந்தது. அப்பதிகருவிகளுள் ஒன்று பிரித்தானியாவின் பொது ஆய்வுகூடங்களும் நுணுக்குக்காட்டிக் கம்பனியொன்றும் ஒத்துழைத்ததன் பயனாகும். பொது ஆராய்ச்சியிற் பிறந்த நுட்பம் சந்தைப் பொருளாகிப் பொது நிறுவனங்களுக்கே மீள விற்கப்படுவது இத்துறையில் மட்டும் காணப்படுவதன்று. உயர்தரக் கருவியொன்றின் விலை பல மில்லியன் டொலர்களாகும். கட்டடம், குளிரூட்டல், ஆண்டுதோறும் செய்யும் பராமரிப்பு ஒப்பந்தம், பெருந்தரவைக் கையாளும் கணினி ஆகியவற்றின் செலவு வேறு. இதன் பயனாகச் செல்வம் மிக்க நிறுவனங்கள் சில விரைந்து முன்னேற, ஏனையோர் பின்தங்கினர்.

இவ்வேற்றத்தாழ்வைக் குறைக்க ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2018 இல் மூன்று தேசிய நிலையங்களுக்கு நிதியளித்தன. ஒன்று நியூயோர்க்கிலும், ஒன்று கலிபோர்னியாவின் ஸ்ரான்போர்ட்டிலும், ஒன்று ஒறிகன் மாநிலத்தின் போர்ட்லண்டிலும் அமைந்தன. விண்ணப்பம் ஏற்கப்பட்ட ஆய்வாளர் கட்டணமின்றி இவற்றைப் பயன்படுத்தலாம். கருவி நேரத்தோடு பயிற்சியும் இவற்றின் கடமையாக விதிக்கப்பட்டமை சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. இம்முறையை முன்பு அறியாதவர் அங்கே தங்கி, மாதிரியை ஆயத்தஞ் செய்வது முதல் உருவத்தைக் கணிப்பது வரை கற்றுத் திரும்பலாம். இங்கிலாந்தில் டயமண்ட் நிலையத்தின் உள்ளேயே பொதுப் பயன்பாட்டுக்கான நுணுக்குக்காட்டிகள் நிறுவப்பட்டன. ஹென்டர்சனும் அவரது கேம்பிரிட்ஜ் சகபாடிகளும் இன்னொரு வழியையும் வற்புறுத்தி வருகின்றனர். உயர்தரக் கருவி 300,000 வோல்ற்றில் இயங்குகின்றது. 100,000 வோல்ற்றில் இயங்கும் எளிய கருவியும் பல தேவைகளுக்குப் போதும், அது விலையும் குறைந்ததாகும் என்பது அவர்களது வாதம். பெருங்கருவியைப் பகிர்தலும் கருவியை எளிமையாக்கலும் ஒன்றையொன்று நிறைவு செய்வன.

பெறுபேறுகள் எவருடையவை?

கருவி பகிரப்பட்டும் முடிவுகள் பூட்டி வைக்கப்பட்டால் பொதுநலன் பாதியிலே நின்றுவிடும். இதனைத் தொடக்கத்திலேயே உணர்ந்த பளிங்கியலாளர் 1971 இற் புறூக்ஹேவன் ஆய்வுகூடத்திற் புரதத் தரவு வங்கியை நிறுவினர். அன்று அதில் இருந்த அமைப்புகள் ஏழு. இன்று இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்டவை உள்ளன. எவரும் எந்நாட்டிலிருந்தும் கட்டணமின்றி அவற்றைப் பெறலாம். இவ்வளர்ச்சி தானாக நிகழ்ந்ததன்று. பல ஆண்டுகள் தரவை வெளியிடாது வைத்திருந்தோர் இருந்தனர். தரவை வங்கியில் வைப்பிடாத கட்டுரையை ஏற்பதில்லை என ஆய்விதழ்களும், நிதியளித்த நிறுவனங்களும் 1980 களின் இறுதியிலிருந்து படிப்படியாக விதித்த நிபந்தனைகளும், ஆய்வாளர் பலர் நடத்திய இயக்கமுமே இதனைச் சாத்தியமாக்கின.

இவ்வொழுங்கின் பெறுமதி 2020 இல் வெளிப்பட்டது. கொரோனா வைரசின் மரபணுத் தொடர் சனவரி மாதத்தில் வெளியாயிற்று. ஷங்ஹாய் ஆய்வாளர் அவ்வைரசின் முதன்மையான நொதியமொன்றின் அமைப்பைக் கண்டு வங்கிக்கு அளித்தனர். பெப்ரவரி 5 இல் அது எல்லாருக்கும் கிடைத்தது. டயமண்ட் நிலையத்தில் அதே நொதியத்தின் பளிங்குகளோடு ஆயிரத்திற்கு மேற்பட்ட சிறு மூலக்கூறுகள் சோதிக்கப்பட்டு, பொருந்தியவற்றின் விபரம் உடனுக்குடன் வெளியிடப்பட்டது. அதனை ஆதாரமாகக் கொண்டு, காப்புரிமை கோராது மருந்து தேடும் பன்னாட்டு முயற்சியொன்று அவ்வாண்டு மார்ச்சிலே தொடங்கியது. உலகின் பல பகுதிகளிலுள்ள இரசாயனவியலாளர் தம் ஆலோசனைகளை அனுப்பினர். அதன் முடிவுகள் 2023 இல் வெளியாயின. ஒரு கொள்ளைநோயின் நடுவே, பொதுக்கருவியும் பொதுத்தரவும் இணைந்தால் எத்துணை விரைவாகச் செயற்படலாம் என்பதற்கு இது சான்று.

ஆயின் பொதுச்சொத்தைப் பயன்படுத்துவோர் அனைவரும் பெற்றதைத் திருப்பித் தருவரா என்னும் வினாவும் இக்காலத்திலே எழுந்துள்ளது. கூகிள் குழுமத்தைச் சேர்ந்த டீப்மைன்ட் நிறுவனம், புரதத் தரவு வங்கியில் அரை நூற்றாண்டாகத் திரண்ட அமைப்புகளைக் கொண்டு பயிற்றிய அல்பாஃபோல்ட் என்னும் கணினி முறை 2020 இற் புரத வடிவங்களை வியக்கத்தக்க செம்மையுடன் முன்னறிந்து கூறியது. ஐரோப்பியப் பொது ஆய்வுகூடத்துடன் இணைந்து 2022 அளவில் இருபது கோடிக்கு மேற்பட்ட புரதங்களின் எதிர்பார்க்கப்படும் வடிவங்கள் இலவசமாக வெளியிடப்பட்டன. இது பெருங்கொடை என்பதில் ஐயமில்லை. இம்முறையை உருவாக்கிய டெமிஸ் ஹசபிஸ், ஜோன் ஜம்பர் ஆகியோர் 2024 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஆனால் 2024 மே மாதத்தில் அடுத்த பதிப்பு வெளியானபோது அதன் கணினி நிரல் வெளியிடப்படவில்லை. விஞ்ஞானிகள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வாண்டு நவம்பரில், வணிகஞ்சாரா ஆராய்ச்சிக்கு மட்டும் என்னும் நிபந்தனையோடு அது கிடைக்கச் செய்யப்பட்டது. வரியிறுப்போர் பணத்தாலும் பல்லாயிரம் ஆராய்ச்சி மாணவரின் உழைப்பாலும் திரண்ட செல்வம் இங்கு மூலப்பொருளாயிற்று. அதிலிருந்து செய்யப்பட்ட பண்டத்தின் மீது பொதுமக்களுக்குள்ள உரிமை யாது என்பது இன்னும் தீராத வழக்காகவே உள்ளது.

வளையத்திற்கு வெளியே

இதுகாறும் கூறியவை பெரும்பாலும் செல்வந்த நாடுகளின் வரலாறு. ஏனைய நாடுகளின் நிலையை அறிய இரு எடுத்துக்காட்டுகளை நோக்குவோம்.

முதலாவது ஜோர்தானிலுள்ள செசமி நிலையம். பேர்லினில் 1999 இல் ஓய்வுபெற்ற சிங்குரோத்திரனொன்றை ஜேர்மனி நன்கொடையாக அளிக்க, யுனெஸ்கோவின் ஆதரவில் இத்திட்டம் உருவானது. நன்கொடையாகக் கிடைத்த பகுதிகள் இலத்திரனை முடுக்கும் தொடக்கப் பொறிகளாகப் பயன்பட, 133 மீற்றர் சுற்றளவுள்ள முதன்மை வளையம் புதிதாக அமைக்கப்பட்டது. 2017 மே 16 இல் திறந்துவைக்கப்பட்டபோது சைப்பிரஸ், எகிப்து, ஈரான், இஸ்ரேல், ஜோர்தான், பாக்கிஸ்தான், பலஸ்தீனம், துருக்கி என்பன உறுப்பினராயிருந்தன. ஒன்றையொன்று ஏற்க மறுக்கும் அரசுகள் ஒரே வளையத்தின் உடைமையாளராயின. அங்கு முதலில் அமைந்த கற்றைவழிகளுள் ஒன்று செந்நிறக் கீழ்க்கதிரால் உயிரிழையங்களை ஆராய்வதற்கும் உதவுகின்றது. நிலையத்தை நெருக்கிய பெருஞ்சிக்கல் மின்கட்டணமாகும். 2019 இற் சூரிய மின்நிலையமொன்று அமைக்கப்பட்டபின், முற்றிலும் புதுப்பிக்கத்தக்க சக்தியில் இயங்கும் உலகின் முதல் பேரார்முடுக்கி நிலையமாக அது விளங்கியது. கருவியைப் பெறுவதைவிட அதனை ஆண்டுதோறும் இயக்குவது கடினம் என்பதைச் செசமியின் அனுபவம் காட்டுகின்றது.

இரண்டாவது ஆபிரிக்கா. அக்கண்டத்தில் இன்றும் ஒரு சிங்குரோத்திரன்கூட இல்லை. ஆபிரிக்க ஆய்வாளர் டயமண்ட் நிலையத்தைப் பயன்படுத்தவும் பயிற்சி பெறவும் 2018 முதல் 2021 வரை பிரித்தானிய நிதியிலிருந்து ஒரு திட்டம் நடைபெற்றது. நோய்க்கிருமிகளின் புரதங்களை ஆராயும் இளம் விஞ்ஞானிகள் இதனால் உருவாயினர். சொந்த நாட்டிலிருந்தவாறே தொலைவிலிருந்து தரவு பெறும் வழியும் கற்பிக்கப்பட்டது. ஆனால் 2021 இற் பிரித்தானியா தன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தின் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்தது. இத்தகைய திட்டங்களைத் தாங்கிய ஆராய்ச்சி நிதியமும் கடுமையாக வெட்டப்பட்டது. உதவியாக அளிக்கப்படும் அணுகல், அளிப்பவரின் வரவுசெலவுத் திட்டத்தோடு எழுந்து அதனோடு வீழ்கின்றது. செசமியில் உறுப்பு நாடுகள் வறியனவாயினும் முகாமைச் சபையில் வாக்குரிமை பெற்றுள்ளன. வாக்குரிமையுள்ள உடைமைக்கும் பிறர் தயவிற் பெறும் நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு எடுத்துக்காட்டுகளும் புலப்படுத்துகின்றன.

இவ்வேறுபாடு வெறும் கௌரவப் பிரச்சினையன்று. எந்நோய் முதலில் ஆராயப்படும் என்பது இதனைப் பொறுத்தது. விற்பனைச் சந்தையற்ற நோய்களுக்கு மருந்துக் கம்பனிகள் கட்டணம் செலுத்திக் கற்றைநேரம் வாங்கப்போவதில்லை. அந்நோய்களோடு வாழும் நாடுகளின் ஆய்வாளர்களே அவ்வினாக்களை எழுப்புவர். அவர்களுக்குக் கருவி கிட்டாவிடின் அவ்வினா எழுப்பப்படாமலே போய்விடும்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து, பொதுக்கருவி மெய்யாகவே பொதுவானதாக அமைவதற்கு நான்கு நிபந்தனைகள் தேவை என நாம் கருதுகின்றோம்.

முதலாவது, நேரம் வினாவின் தகுதி நோக்கி வழங்கப்படல் வேண்டும். அவ்வாறு வழங்கும்போது முதன்முறை வருவோர்க்கும் சிறிய நிறுவனத்தார்க்கும் ஒரு பங்கு ஒதுக்கப்படல் வேண்டும்.

இரண்டாவது, பெருங்கருவிக்குச் செலவிடுவதோடு, மாதிரியை ஆயத்தஞ் செய்யும் சிறுகருவிகளுக்கும் பயிற்சிக்கும் ஆய்வாளரின் சொந்த ஊரிற் செலவிடல் வேண்டும்.

மூன்றாவது, ஊழியர் ஊதியம், மின்சாரம், பராமரிப்பு ஆகியவற்றுக்கான நிதி நீண்டகால நோக்கில் உறுதி செய்யப்படல் வேண்டும். பயன்படுத்தும் நாடுகளுக்கு முகாமையிற் பங்கு இருத்தல் வேண்டும்.

நான்காவது, பெறுபேறுகள் பொதுவில் வைக்கப்படல் வேண்டும். அப்பொதுச்சொத்திலிருந்து உருவாக்கப்படுவனவும் மீண்டும் பொதுவுக்கு வருவதற்கான நிபந்தனைகள் வகுக்கப்படல் வேண்டும்.

வறிய நாடுகள் இப்பெருங்கருவிகளில் இரவலர்களாக மட்டுமே பங்குகொள்ள முடியும் என்று கருதுவோரும் உளர். அவர்களுக்கு ஒரு செய்தியை நினைவூட்டலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் தம் துணைவருடன் 1954 இற் கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பை முன்வைத்தார். 1963 இல் அவரும் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரும் புரதச் சங்கிலி எக்கோணங்களில் மட்டும் வளைய முடியும் என்பதைக் கணித்து ஒரு வரைபடத்தை வெளியிட்டனர். இன்று எந்த நாட்டின் எப்பெருங்கருவியிற் கண்டறியப்படும் புரத அமைப்பாயினும், அது சரியானதா என்று சோதிப்பதற்கு இராமச்சந்திரன் வரைபடமே கையாளப்படுகின்றது. அதற்கு எவரும் கட்டணம் செலுத்துவதில்லை. பொது அறிவுக்கு எல்லாத் திசைகளிலிருந்தும் வரவு உண்டு. அவ்வாறாயின் அதனை விளைவிக்கும் கருவிகளிலும் எல்லாத் திசையினர்க்கும் பங்கு இருத்தல் நியாயமாகும்.